நாட்காட்டி பார்த்துப் போகவேண்டிய இரவுகள்

"மலைநாட்டுக்குப் போறம், ராத்திரியில அங்க என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். எந்த மாதம் போகிறீர்கள்? கேட்டவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். நல்ல ஹோட்டல் எது, பாட்டு எங்கே போடுவார்கள், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்க வந்தவர்களிடம் மாதத்தைக் கேட்டால் பிறகு என்ன செய்யும்?

ஆனால் அதுதான் முதல் கேள்வி. கொழும்பில் இரவு தினமும் இருக்கிறது. காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடை செவ்வாய்க்கிழமையும் கிடைக்கும், சனிக்கிழமையும் கிடைக்கும். மலைநாட்டில் அப்படியில்லை. வருடத்தின் பெரும்பாலான நாட்களில் கண்டியும் நுவரெலியாவும் ஹட்டனும் எட்டு மணிக்கெல்லாம் ஷட்டரை இழுத்துவிட்டுப் படுக்கப் போகிற ஊர்கள். அப்புறம் திடீரென்று சில வாரங்கள் வரும். அந்த வாரங்களில் குழந்தை குட்டிகளோடு ஊரே தெருவில் இருக்கும், அதிகாலை மூன்று மணிக்கும் தேத்தண்ணிக் கடையில் இடம் கிடைக்காது. இரவு அங்கே சாமான் கடை இல்லை, சந்தை. கூடுகிற நாள் தெரிந்தவருக்குத்தான் அகப்படும்.

இதை எனக்குப் புரியவைத்தவள் என்னோடு வேலை செய்த ஹட்டன் பக்கத்துத் தோழி. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து வெள்ளவத்தையில் குடியிருப்பவள். மலைநாடு என்றால் எனக்குப் பள்ளிச் சுற்றுலா, பேராதனைப் பூங்கா, பஸ்ஸில் வாந்தி என்ற அளவில்தான் தெரியும். அவளோடு சுற்ற ஆரம்பித்த பிறகுதான் இருட்டிய பிறகு அங்கே ஒரு நாடு இருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் சாதாரண நாட்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கு லீவு கிடைப்பது அந்த நாட்களில்தான். கண்டியில் பின்னேரம் ஐந்து மணியளவில் சில மண்டபங்களில் கண்டிய நடனக் காட்சி நடக்கும். சுமார் ஒரு மணித்தியாலம், கடைசியில் தீ மிதிப்பு. வெளிநாட்டுப் பயணிகளுக்காகச் சுருக்கி அடுக்கியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் மேளக்காரர்கள் மேளக்காரர்கள்தான். சுருக்கிய ஆட்டத்துக்கும் அவர்கள் சுருக்காமல் அடிக்கிறார்கள். அதை முடித்துக்கொண்டு நடந்தால் ஆறரை மணிப் பூஜைக்குத் தலதா மாளிகைக்குப் போய்விடலாம். கீழே மேளம், மேலே மாடியில் புத்தரின் பல்லை வைத்திருக்கும் தந்ததாதுப் பேழை இருக்கும் அறைக்கு முன்னால் மெதுவாக நகரும் வரிசை, கையில் வைத்திருக்கும் தாமரையும் அலரியும் கசங்கி எழுப்புகிற வாசம். 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த சோதனையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். நம் ஊர்க் கோயிலுக்குப் போகிற மாதிரி உடுத்திப் போனால் ஒரு தொல்லையும் இல்லை.

பிறகு குளக்கரை. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்தை மறித்துக் கட்டிய குளம். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். மாளிகைப் பக்கம் மேக வடிவில் வளைந்து வளைந்து போகும் வெள்ளைச் சுவரில் விளக்கு விழும்போது நன்றாக இருக்கும். எதிரே பஹிரவகந்தைக் குன்றில் பெரிய வெள்ளைப் புத்தர் வெளிச்சத்தில் அமர்ந்திருப்பார். குளத்தின் மறுகரை சீக்கிரம் ஆளரவம் அடங்கிவிடும் என்பதால் இரண்டு பெண்களாக நாங்கள் மாளிகைப் பக்கத்துப் பாதிச் சுற்றோடு திரும்பிவிடுவோம். மரத்தடியில் நிற்காதீர்கள். பறவைகள் அடைகிற நேரம், குடை விரித்தவர்கள் எல்லாம் மழைக்கு விரித்தவர்கள் இல்லை.

எட்டு மணிக்கு மேல் கண்டியில் எஞ்சியிருப்பது கொத்து ரொட்டிச் சத்தம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போனால் தகட்டில் இரண்டு கத்தியும் போடுகிற தாளத்தைக் கேட்டே கடை இன்னும் திறந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். மதுக்கூடங்களும் சில இருக்கின்றன. தலதா வீதியிலும் அதை ஒட்டியும் பழைய கட்டடங்களின் மாடியில் பால்கனியோடு இருப்பவை அழகானவை. ஆனால் பெரும்பாலானவை ஆண்களின் இடம். இரண்டு பெண்கள் ஏறி உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். பெரிய ஹோட்டல்களின் பாரில் அந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை. போயா தினத்தில் இவை எதிலும் மது கிடையாது. நாடு முழுவதும் அன்று விற்பனைக்குத் தடை. முழுநிலவு நாளில் மலைநாட்டில் பார்க்கவேண்டியவை வேறு என்பதால் இது ஒன்றும் நட்டமில்லை.

சரி, இனிப் பருவங்களுக்கு வருகிறேன்.

கண்டியின் இரவு என்பது எசல பெரஹரா, தலதா மாளிகையின் ஊர்வலம். ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும், நிலவைப் பொறுத்தது. முதல் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து இரவுகள் ரந்தோலி பெரஹரா. ஒவ்வொரு இரவும் யானையும் ஆட்டக்காரர்களும் கூடிக்கொண்டே போவார்கள், கூட்டமும்தான். கடைசி ரந்தோலி முடிந்த விடியற்காலையில் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர் வெட்டு, பிறகு பகல் ஊர்வலம். எல்லோரும் கடைசி இரவைத்தான் பார்க்கவேண்டும் என்பார்கள். என்னைக் கேட்டால் கும்பலின் மூன்றாம் நான்காம் இரவு. யானை குறைவாக இருந்தால் என்ன, நடைபாதையில் கால் நீட்டி உட்கார இடம் இருக்கும்.

கடை விறாந்தைகளிலும் ஹோட்டல் பால்கனிகளிலும் நாற்காலிக்கு ஆயிரக்கணக்கில் காசு வாங்குவார்கள். கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், வயதானவர்களோடு போனால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் நடைபாதையில் பாய் விரித்து உட்காருவதில் இருக்கிற கொண்டாட்டம் நாற்காலியில் இல்லை. மத்தியானத்திலிருந்தே குடும்பம் குடும்பமாக வந்து இடம் பிடித்திருப்பார்கள். சோற்றுப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல், தூங்குகிற பிள்ளைக்குத் தலையணை, எல்லாம் இருக்கும். பாய் இல்லாமல் போன எங்களைப் பார்த்து கேகாலைப் பக்கத்து அம்மா ஒருவர் தன் பாயின் ஓரத்தைத் தட்டி "வாடிவென்ன துவே" என்றார், உட்காருங்கள் மகளே என்று. அவருடைய பேரனுக்கு எங்களிடமிருந்த கடலைப் பொட்டலம் போனது. அதோடு கணக்கு சரி.

முதலில் வருவது சாட்டைக்காரர்கள். அந்தச் சத்தத்தில் குழந்தைகள் எல்லாம் ஒரேயடியாக எழுந்து உட்காரும். பிறகு தீப்பந்து சுழற்றுகிறவர்கள், கொடி, மேளம், ஆட்டம். பந்தங்களில் எரிவது கொப்பரை. ஊர்வலம் நெருங்குவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரியும், தேங்காய் எண்ணெய் கருகுகிற வாசம். பேழை சுமந்த கொம்பன் யானை வரும்போது அதன் காலடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார்கள். இடது பக்கமும் வலது பக்கமும் உட்கார்ந்திருந்த சனம் அப்படியே எழுந்து கைகூப்பும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: யானை மேல் வருவது பேழைதான், தந்ததாது மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை. இந்தப் பேழை ஊர்வலத்தில் சேர்ந்ததே 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில். மதுரைத் தொடர்புள்ள நாயக்கர் வம்சத்து மன்னன். அதற்கு முன்னர் அது தேவாலயங்கள் எனப்படும் தெய்வக் கோயில்களின் ஊர்வலம்.

தேவாலயங்கள் இன்றும் பின்னால் வருகின்றன: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்ற வரிசையில். வெளிநாட்டவர்கள் பேழை யானை போனதும் எழுந்து நடையைக் கட்டுகிறார்கள். நம் ஆட்கள் அப்படிச் செய்யக்கூடாது. கதிர்காம தேவாலயத்து வரிசையில் காவடி வரும், மயிற்பீலியோடு. பத்தினி என்பவள் நம் கண்ணகி. அவளுடைய ஊர்வலத்தில்தான் பெண்கள் ஆடி வருகிறார்கள். அதுவரை ஆண்களாகவே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அந்த மாற்றம் சட்டென்று தெரியும். தோழி விசிலடித்தாள். கேகாலை அம்மா சிரித்தார்.

யானைகளைப் பற்றி ஒரு வார்த்தை. காலில் சங்கிலி, உடம்பெல்லாம் பட்டும் மின்விளக்கும், இரண்டு பக்கமும் தீ. எனக்கு அது ஒவ்வுவதில்லை, பக்கத்தில் வரும்போது அதன் கண்ணைப் பார்க்காமல் ஆட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நுவரெலியாவின் பருவம் ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி கொழும்பே அங்கே ஏறிவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் எல்லாம் பகல் சமாச்சாரம். இரவு என்பது கிரெகரி ஏரிக்கரையும் நகரத் தெருவும். ராட்டினம், இசைக்குழு, அவித்த சோளம், பேல் பஜாரில் விலை பேசி வாங்கிய தடித்த ஜாக்கெட்டோடு வேர்க்க வேர்க்க நடக்கிற சனம். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரில் வேர்க்கிறது என்றால் கூட்டத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறை வாடகை அந்த இரண்டு வாரமும் வாய்க்கு வந்தபடி ஏறும். எனக்கு இந்தப் பருவம் பிடிக்கும் என்று பொய் சொல்லமாட்டேன். கொழும்பில் பார்த்த அதே முகங்களைக் குல்லா போட்டுப் பார்க்க ஐந்தாறு மணி நேரம் வளைவுப் பாதையில் ஏறவேண்டுமா? ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லமுடியாது. அவர்களுக்கு வாயிலிருந்து புகை வருவதே பெரிய வேடிக்கை.

ஏப்ரல் இல்லாத நாட்களில் நுவரெலியா ஏழரைக்குள் மூடுபனிக்குள் போய்விடும். அப்போது பார்க்க ஒரு வினோதம் இருக்கிறது: 1876இல் துரைமார் தொடங்கிய ஹில் கிளப். மாலை ஏழுக்கு மேல் ஆண்கள் கோட்டும் டையும் இல்லாமல் உள்ளே சாப்பிட உட்காரமுடியாது. இல்லாதவர்களுக்கு இரவல் கொடுப்பார்கள். கணப்படுப்பு, சுவரில் மான்கொம்பு, வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுகிறவர். நாடு சுதந்திரம் அடைந்த சேதி மேசைக்கு இன்னும் வந்து சேராத மாதிரி ஒரு இரவுச் சாப்பாடு. தோழி உள்ளே வர மறுத்துவிட்டாள். "எங்க தாத்தா இந்த வாசல்ல கை கட்டி நின்னவரு, நான் காசு குடுத்து உக்காரணுமா? நீ வேணும்னா போய்ட்டு வா." நானும் போகவில்லை. பக்கத்தில் ஒரு கடையில் சுடச்சுட முட்டை அப்பம் சாப்பிட்டோம்.

எல்ல பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலைநாட்டில் தினமும் இரவு இருக்கிற ஒரே ஊர் அதுதான். ஒரே தெரு, இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு, மெத்தை இருக்கை, பாட்டு. உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவருக்கும் அந்நியமாகத் தெரியாத இடம் என்பது அதன் பலமும் குறையும். தனியாக வரும் பெண்களுக்கு மலைநாட்டிலேயே சங்கடமில்லாமல் உட்கார்ந்து ஒரு குளிர்ந்த பியர் குடிக்கக்கூடிய தெரு என்பதை மட்டும் மறுக்கமுடியாது. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டுப் பரிமாறுகிற தம்பி ஒருவர் பசறைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்று சொல்லி, மெனுவில் இல்லாத ஒரு சம்பலைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைய இரவில் உருப்படியானது அந்தச் சம்பல்.

போகிற வழியையும் இரவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து இரவு எட்டரைக்குப் பதுளைக்குப் புறப்படும் நைட் மெயில். ஜன்னலில் காட்சி எதுவும் இல்லாத ரயில் எதற்கு என்று கேட்பார்கள். உள்ளேதான் காட்சி. பகலில் இந்தப் பாதையில் கைப்பேசியை வெளியே நீட்டிக்கொண்டு தொங்குகிறவர்கள் யாரும் இதில் இல்லை. கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிற தோட்டத்துப் பிள்ளைகள் லீவில் ஊருக்குப் போகிறார்கள், மடியில் துணிக்கடைப் பை. தீபாவளிக்கு முந்தின இரவுகளில் நிற்கக்கூட இடமிருக்காது, ஆனாலும் யாராவது பாடிக்கொண்டு வருவார்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் ஒவ்வொரு ஜன்னலாக இறங்கும். எல்லோரிடமிருந்தும் சுவெட்டர் வெளியே வரும். நள்ளிரவு தாண்டி ஹட்டனில் பாதிப் பெட்டி காலியாகும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு, புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம். மாசி மாதம்.

மாசி அமாவாசை கழிந்ததும் பல தோட்டங்களில் கோயில் பக்கத்துத் திடலில் கம்பம் நடுவார்கள். காமன் கம்பம். அதிலிருந்து பௌர்ணமி வரையான நாட்களில் ரதியும் மன்மதனும் வேடம் கட்டி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் லயம் லயமாக ஆடி வருவார்கள், கூடவே தப்பு மேளம். கடைசியில் ஒரு முழு இரவு கூத்து. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிந்துபோகிறான், ரதி அழுது அவனை மீட்கிறாள். இதைக் காப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்தவர்கள் கொண்டுவந்தார்கள். பிறகு காப்பி போய்த் தேயிலை வந்தது. கூத்து மட்டும் போகவில்லை.

தோழியின் மாமா வீடு இருக்கும் தோட்டத்துக்குப் போனோம். ஹட்டனிலிருந்து பஸ், பிறகு ஆட்டோ, பிறகு இருட்டில் நடை. "சேர்ந்தே நடங்க, சிறுத்தை இருக்கு" என்று மாமா சொன்னதை நான் விளையாட்டு என்று நினைத்தேன். அந்தப் பக்கத்துத் தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்மையிலேயே உண்டு. வழியில் ஃபேக்டரி. அந்த நேரத்தில் ஜன்னல் முழுக்க வெளிச்சம். பகலில் பறித்த கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து மின்விசிறியால் காற்று விட்டு இரவு முழுக்க வாட்டுவார்கள், விடியும் முன்னால் உருட்டத் தொடங்கிவிடுவார்கள். பச்சை இலை வாசம் தேயிலை வாசமாக மாறுவது இரவில்தான். பயணிகளுக்குப் பகலில் ஃபேக்டரி சுற்றிக்காட்டி கடைசியில் ஒரு கோப்பை கொடுத்து அனுப்புகிறார்கள். அவர்கள் பார்ப்பது பாதியைத்தான். யாராவது இரவுச் சுற்று ஒன்று நடத்தினால் நான் முதல் ஆளாக டிக்கட் வாங்குவேன்.

திடலில் ஒன்பது மணிக்கே சனம். பெண்கள் முன்னால், சாக்கும் படங்கும் விரித்து, கம்பளிக்குள் பிள்ளைகளோடு. ஆண்கள் பின்னால் நின்றபடி, சிலர் நிற்கமுடியாதபடி. ஓரத்தில் வைக்கோல் தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பனிக்குத் தோல் தளர்ந்துவிடும், அரை மணிக்கு ஒருதரம் காய்ச்சவேண்டும். காய்ச்சியதைத் தட்டிப் பார்த்து, காதில் வைத்து, திரும்பக் காய்ச்சி... அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே நேரம் போய்விடும். பத்து மணிக்கு மேல் காப்புச் சொல்லி ஆரம்பித்தார்கள்.

ரதியாக ஆடியவர் மாமாவின் பக்கத்து லயத்துக்காரர். பகலில் மருந்தடிக்கிற வேலை, மீசையை எடுத்திருந்தார். மன்மதன் புறப்படப் போகிறான், ரதி கெட்ட கனவு கண்டதைச் சொல்லிப் போகவேண்டாம் என்று தடுக்கிறாள். அந்த ஒரு தர்க்கம் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. அவன் ஒரு பாட்டு, இவள் ஒரு பாட்டு. எனக்கு முதலில் இழுவையாகத்தான் இருந்தது. பிறகு கவனித்தேன், எனக்கு முன்னால் இருந்த பெண்கள் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ரதி சொல்வதற்கு "ஆமாடி, சொல்லு" என்கிறார்கள். மன்மதன் மறுத்தால் "கேக்கமாட்டானே, எந்த ஆம்பள கேட்டான்" என்கிறார்கள். ஒரு கிழவி எழுந்து நின்று மன்மதனைத் திட்டியே விட்டாள். மன்மதன் ஒரு நொடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு "அத்தை, உக்காருங்க, நான் போய்த்தான் ஆகணும்" என்றார். திடல் முழுக்கச் சிரிப்பு. அது பாட்டில் இருந்ததா, அவரே சேர்த்ததா, யாருக்கும் கவலையில்லை.

நடுவில் வீரபத்திரன் வந்தது வேறு வகை. அலறிக்கொண்டு இருட்டிலிருந்து ஓடிவந்தார், நாலு பேர் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்திருந்தார்கள், தப்பு பேயடி அடித்தது. பிள்ளைகள் எழுந்து ஓடின, கொஞ்சம் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தன, மறுபடி கிட்ட வந்தன. எமன் வந்தான், தூதன் வந்து பகிடி விட்டான். ஒரு பெரிய கேத்தலில் இஞ்சி போட்ட பிளேன் டீ சுற்றி வந்தது. விருந்தாளி என்று எனக்கு மட்டும் கோப்பை, மற்றவர்களுக்கு டம்ளர். இரண்டு மணிக்கு மேல் நானும் சாக்கில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினேன் போல. யாரோ ஒரு அக்கா என் மேல் தன் கம்பளியை இழுத்துவிட்டிருந்தார்.

விடிகிற நேரத்தில் தகனம். கம்பத்தில் வைக்கோல் பற்றியது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ரதி மண்ணில் விழுந்து ஒப்பாரி வைத்தார். நான் யாழ்ப்பாணத்துச் செத்தவீடுகளில் ஒப்பாரி கேட்டு வளர்ந்தவள், ஆனாலும் இது வேறு. முன்வரிசைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதில் சில வரிகள் மன்மதனுக்கானவை அல்ல என்பது கேட்டாலே தெரிந்தது. அவரவர் வீட்டில் போனவர்களின் பேர்கள் உள்ளே வந்தன. தோழியும் அழுதாள், யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, பெண்கள் எழுந்து சாக்கை உதறி மடித்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கி, "இன்னிக்குப் பெரட்டு இருக்கா?" என்று காலை வேலைக்கு ஆள் கூட்டுவதைப் பற்றிக் கேட்டபடி லயத்துக்குப் போனார்கள். ரதி பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்து புடவையோடு சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கு டிக்கட் கிடையாது, விளம்பரம் கிடையாது. அழைப்பு வேண்டும். கமெராவைத் தூக்கிக்கொண்டு தானாகப் போய் நிற்கிற இடமும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் இருந்தால், கோயில் கமிட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், துரத்தமாட்டார்கள், சாப்பாடு போடுவார்கள். யாரையும் தெரியாதவர்கள் அதே மாசியில் மாத்தளைக்குப் போகலாம். முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து வந்தவர்களுக்கு மாத்தளைதான் மலையின் வாசல். அந்தக் கோயிலுக்கு இருக்கும் சனக்கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம். கஷ்டம் என்னவென்றால் காமன் தகனமும் மாத்தளைத் தேரும் நெருங்கி நெருங்கி வரும், இரண்டையும் பிடிக்க நல்ல தூக்கமில்லா உடம்பு வேண்டும்.

சிவனொளிபாதமலை மட்டும் இந்தக் கணக்கில் கொஞ்சம் தாராளம். டிசம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை பருவம். நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை படியெல்லாம் விளக்கு எரியும். மஸ்கெலியா தாண்டி வளைவில் திரும்பும்போது இருட்டில் வானத்துக்குப் போகும் ஒரு ஒளிக்கோடு தெரியும், அதுதான் ஏறவேண்டிய பாதை என்று தெரிந்ததும் வயிற்றில் ஒரு பிசைவு. 2,243 மீட்டர், 5,000க்கு மேல் படி. நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் சூரிய உதயத்துக்குப் போய்ச் சேரலாம். வார இறுதியிலும் போயாவிலும் போகாதீர்கள், மேலே கடைசிப் படிகளில் ஒரு படிக்கு ஐந்து நிமிடம் நிற்க நேரும்.

நான் பார்த்ததிலேயே எல்லோருக்கும் பொதுவான இரவு இதுதான். பௌத்தருக்குப் புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம். எழுபது வயதுப் பாட்டி வெள்ளை உடுத்தி, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார். இடையிடையே தேத்தண்ணிக் கடைகள், விறகடுப்பில் ரொட்டி, குரங்குக் குல்லா. நடுச்சாமம் மூன்று மணிக்கு இரண்டு பெண்கள் தனியாக நடந்து போகிறோம் என்ற நினைப்பே வராத ஒரு பாதை இந்த நாட்டில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. உச்சியில் காற்று தூக்கி எறியும். விடிந்ததும் மலையின் முக்கோண நிழல் மறுபக்க மூடுபனியில் விழுகிறதை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள், நானும் பிடித்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. மணியை எத்தனையாவது தடவை ஏறினார்களோ அத்தனை முறை அடிப்பார்கள். ஒரு பெரியவர் அடித்துக்கொண்டே இருந்தார், பின்னால் வரிசை முணுமுணுத்தது. இறங்கும்போது முழங்கால் பேசும் பேச்சை இங்கே எழுதமுடியாது.

ஆக, போகிறவர்கள் செய்யவேண்டியது எளிது. வங்கி கொடுக்கிற நாட்காட்டியில் போயா நாட்களைக் குறியுங்கள், பஞ்சாங்கத்தில் மாசியைப் பாருங்கள், எசலத்துக்கு இரண்டு மாதம் முன்பே அறை எடுங்கள். உள்ளூர் பஸ்கள் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் திரும்பி வர ஆட்டோக்காரரின் நம்பரைப் பகலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சுவெட்டரை எந்த மாதத்திலும் மறக்காதீர்கள்.

போன கிழமை தோழி ஃபோன் எடுத்தாள். மாமா தோட்டத்தில் இந்த முறை ரதிக்கு வேறு ஆள், சின்னப் பையன், குரல் நன்றாக இருக்கிறதாம். பழைய ரதி மீசையை இனி எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு எமனுக்குப் போய்விட்டாராம். நான் அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்ப விசேஷம்' என்று போட்டிருக்கிறேன்.